சும்மா இருக்கிறவர்களின் கணக்கு

41.7 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு வத்தலக்குண்டு பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணை ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. நம் நாட்டில் 15 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்று சொல்லும் எண் அது. தொழிலாளர் பங்கேற்பு விகிதம் என்பார்கள். அரசின் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் அது 23.3. 2023-24இல் 41.7. ஆறே வருடத்தில் பதினெட்டுப் புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. பெண்கள் வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. குடும்பத்தில் காசு போதாமல் வேறு வழியின்றி வந்திருக்கிறார்கள், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று இன்னொரு தரப்பு மறுக்கிறது. இரண்டு பக்கத்து வாதங்களையும் படித்திருக்கிறேன், இரண்டையும் மாறிமாறி நம்பியும் இருக்கிறேன். ஆனால் இருவருமே ‘வந்தார்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது எனக்குள் ஏதோ இடிக்கிறது. நான் அந்தத் திண்ணையில் பார்த்த பெண் எங்கிருந்தும் வரவில்லை. அவர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். என் படிவத்தில்தான் அவர் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆய்வுக்காக ஒப்பந்த அடிப்படையில் களப்பணி செய்தேன். வீடு வீடாகப் போய் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அரசின் தேசியக் கணக்கெடுப்பில் இருக்கும் அதே குறியீட்டு எண்களைத்தான் நாங்களும் பயன்படுத்தினோம். சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவருக்கு 21. மாதச் சம்பளக்காரருக்கு 31. நூறு நாள் வேலைக்கு 42. மற்ற கூலி வேலைக்கு 51. வேலையில்லாமல் தேடிக்கொண்டிருப்பவருக்கு 81. படிப்பவருக்கு 91. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுக்குத் தீவனம் சேகரிப்பது, வீட்டுக்கே துணி தைப்பது போன்றவற்றையும் செய்பவருக்கு 93. எண் 81 வரை போட்டால் அந்த ஆள் உழைப்புச் சந்தைக்கு உள்ளே. 91 தொடங்கிவிட்டால் வெளியே. பயிற்சியின்போது இதை மனப்பாடம் செய்தோம். ஒரு வாரத்தில், பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே மனசு ஒரு எண்ணைச் சொல்லும்.

அந்த வீட்டில் திண்ணையில் இருவர் இருந்தார்கள். மாமியாருக்கு வயது எழுபத்திரண்டு. மருமகளுக்கு நாற்பத்திரண்டு. பெரியவரிடம்தான் முதலில் கேட்டேன். கேள்வியை முடிக்குமுன்பே, “நான் நூறு நாளு வேலைக்குப் போறேன்ல” என்றார். உள்ளே போய் வேலை அட்டையை எடுத்து வந்து காட்டினார். போட்டோ ஒட்டிய, ஓரம் கிழிந்த அட்டை. அந்த வருடம் நாற்பது நாளுக்கு மேல் போயிருந்தார். வருடத்தின் பெரும்பகுதி வேலை செய்யாவிட்டாலும், துணை நிலையாக முப்பது நாளாவது செய்திருந்தால் அவர் தொழிலாளி என்பது விதி. 42 என்று போட்டேன். மருமகள் பக்கம் திரும்பி, “நீங்க வேலைக்குப் போறீங்களாக்கா?” என்றேன். “நான் எங்க போறேன் பாப்பா, வீட்லதேன். சும்மாத்தேன் இருக்கேன்” என்றார். 92. துணை நிலை ஏதும் உண்டா என்ற கட்டத்தில் அவர் சொன்னதை வைத்து ‘இல்லை’ என்று குறித்தேன். அன்றைக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி இருந்தது.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது மணி நாலிருக்கும். பின்னாலேயே அவர் வந்தார். இடுப்பில் எவர்சில்வர் தூக்குவாளி, முந்தானையால் மூடியது. என்னைத் தாண்டி வேகமாக நடந்து தெருமுனையில் இருந்த பால் சொசைட்டி வரிசையில் போய் நின்றார். அவருக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்தத் தெருவில் அன்றைக்கு நான் 92 போட்ட முகங்களில் பாதியை அந்த வரிசையில் பார்த்தேன்.

வேலையும் வேலைக்குப் போவதும்

எங்கே தப்பு நடந்தது என்று அன்று இரவு லாட்ஜ் அறையில் யோசித்தபோது முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. சும்மா இருக்கேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? பிறகு என் கேள்வியை நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வேலைக்குப் போறீங்களா? தமிழில் வேலை செய்வது ஒன்று, வேலைக்குப் போவது வேறொன்று. போவதென்றால் வாசற்படி தாண்ட வேண்டும். யாரோ ஒருவர் வரச்சொல்லியிருக்க வேண்டும், போன நாளுக்குக் கூலி இருக்க வேண்டும், வராத நாளைக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்க வேண்டும். மாமியார் போகிறார். மேஸ்திரி பேர் கூப்பிடுகிறார், வங்கிக் கணக்கில் காசு ஏறுகிறது. மருமகள் போவதில்லை. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் சொசைட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறார். எனவே அவர் சொன்னது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில்தான்.

சும்மா என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. சும்மா இருப்பதைப் பெரும் பேறாகப் பாடிய மரபு நமக்கு உண்டு. சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா கொடுத்தார் என்று எதற்கும் விலையில்லாத இடத்தில் அதை வைக்கிறோம். என் அம்மா உட்பட எனக்குத் தெரிந்த பெண்கள் பலரும் ‘சும்மா இருக்கேன்’ என்று சொல்லும்போது ஓய்வாக இருப்பதைச் சொல்வதில்லை. காசு வராமல் இருப்பதைச் சொல்கிறார்கள். 2024இன் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஈடுபடும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனி. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சும்மா.

வீட்டில் சமைப்பதும் துவைப்பதும் உழைப்புச் சந்தைக் கணக்கில் சேராது என்பது உலகம் முழுக்க இருக்கும் வரையறை. அது சரியா என்று தனியாகச் சண்டை போடலாம், போட வேண்டும். ஆனால் மாடு அப்படியில்லை. பாலை விற்கிறார். விற்கும் பாலுக்காக மாடு வளர்ப்பது எந்த வரையறைப்படியும் பொருளாதார நடவடிக்கை. அவர் 92 ஆனது வரையறையின் குற்றமில்லை. நான் கேட்ட விதத்தின் குற்றம். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

நேற்று காலையிலிருந்து

மறுநாள் அந்த வீட்டில் சின்னப் பையனின் வயது சரிபார்க்க வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்துப் போனேன். இந்தமுறை வேலை என்ற சொல்லையே எடுக்கவில்லை. “அக்கா, நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணீங்க, ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க” என்றேன். அவர் சிரித்தார். இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல. பிறகு சொல்லத் தொடங்கினார்.

நாலரைக்கு எழுந்து சாணி அள்ளிக் கொட்டகையைக் கூட்டியிருக்கிறார். இரண்டு கறவை மாடு. ஒன்று சினை, பால் வற்றிக்கொண்டு வருகிறது. இன்னொன்று நன்றாகக் கறக்கிறது, ஆனால் உதைக்கும், அவர் கை தவிர வேறு கை ஆகாது. தவிடும் புண்ணாக்கும் கலந்து வைத்து, மடியைக் கழுவி, கறந்து, ஆறு மணிக்குள் சொசைட்டிக்கு. வந்து சமையல், பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது, பாத்திரம். பத்து மணிக்கு வாய்க்கால் ஓரம் போய்ப் புல் அறுத்துக் கட்டுக் கட்டியிருக்கிறார். மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டி, இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார். கன்றுக்குக் கழிச்சல், அதற்கு மருந்து வாங்க நடந்து போயிருக்கிறார். மூன்றரைக்கு மறுபடி கறவை. நாலு மணிக்கு வரிசை. அதற்குப் பிறகு வரட்டி தட்டியிருக்கிறார்.

படிவத்தின் ஓரத்தில் மாட்டுக்கான நேரத்தை மட்டும் கூட்டினேன். ஐந்தரை மணி நேரம் வந்தது. ஞாயிறு உண்டா என்று கேட்டேன். “மாட்டுக்கு ஏது ஞாயித்துக்கெழம” என்றார். அப்படியென்றால் வருடத்துக்கு 365 நாள். விதி கேட்பது முப்பது நாள்.

அவர் வீட்டுக்காரர் கொத்தனார். அன்றைக்கு வேலையில்லாமல் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். அங்கிருந்தே, “அது வீட்டு வேலதானம்மா, இதையெல்லாமா எழுதுவாக?” என்றார். நல்ல மனிதர். வஞ்சகமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அக்கா குனிந்தபடியே, யாருக்கும் சொல்லாத மாதிரி, “பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா காசு வருதுல்ல” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு எல்லாம் திரும்பியது. அவருக்குத் தெரியும். தான் செய்வது வேலை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். காசு வருகிறது என்பதை அதற்கு ஆதாரமாக அவரே வைக்கிறார். தெரியாமல் இருந்தது கேட்கிறவர்களுக்குத்தான். 92ஐ அடித்தேன்.

பதினெட்டுப் புள்ளி எங்கிருந்து வந்தது

இப்போது அந்த 41.7க்கு வருகிறேன். அதன் உள்ளே போய்ப் பார்க்காமல் தலைப்பை மட்டும் வைத்து வாதிடுவதுதான் என் ஆதங்கம். அதே கணக்கெடுப்பு, வேலையில் இருக்கும் பெண்கள் எந்த வகை வேலையில் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. அதை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். பெரிய கணக்கில்லை, யாரும் போடலாம். 15 வயதைத் தாண்டிய நூறு பெண்களை ஓரிடத்தில் நிறுத்துவோம். 2017-18இல் அதில் 22 பேர் வேலையில் இருந்தார்கள். 2023-24இல் 40 பேர். மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அப்போது 5க்குச் சற்றுக் கீழே, இப்போது 6க்குச் சற்று மேலே. கூலிக்குப் போகிறவர்கள் 6 பேர், இப்போது 7 பேர். குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்கிறவர்கள் 7 பேர், இப்போது 15 பேர். சொந்தத் தொழில் என்று சொல்கிறவர்கள் 4 பேர், இப்போது 12 பேர்.

ஆக, கூடிய பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் 11க்குள்ளோ 21க்குள்ளோதான் வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்தில். கிராமப்புறப் பெண்களின் பங்கேற்பு 24.6இலிருந்து 47.6 ஆக, ஏறக்குறைய இரட்டிப்பானது. நகரத்தில் 20.4இலிருந்து 28.0தான். வேலைக்குப் போகும் பெண்களின் கூட்டம் பெருகியது என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. வேலை பார்க்கும் பெண்களில் மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 21 விழுக்காட்டிலிருந்து 15.9க்கு இறங்கியிருக்கிறது.

அப்படியானால் இது வெறும் காகித உயர்வா? அப்படியும் எனக்குச் சொல்ல மனசில்லை. கொரோனாவில் ஆண்களின் வருமானம் போனபோது மாடு வாங்கியவர்களும், தையல் மெஷினை எடுத்துத் தூசி தட்டியவர்களும், இட்லிக்கடை போட்டவர்களும் என் உறவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் புதிதாக வந்தவர்கள்தான். கூடவே, முன்பு 92 என்று போட்டிருந்த ஒருவரைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டு 21 என்று போட்டிருந்தாலும் இதே உயர்வுதான் தெரியும். இந்த இரண்டையும் அந்த ஒற்றை எண்ணால் பிரித்துக் காட்ட முடியாது. ஒரு வாசற்படியில் ஒரு பெண்ணின் எண் மாற எவ்வளவு கொஞ்சம் போதும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி போதும். கேட்கிறவருக்குப் பத்து நிமிடம் அவகாசம் இருந்தால் போதும்.

புல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வாய்க்கால் ஓரம் அறுத்த புல்லுக்கு 93இல் இடமிருக்கிறது, தீவனம் சேகரிப்பது என்று. அதே அரிவாள், அதே கட்டு, அதே தலைச்சுமை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் பால் சொசைட்டிக்குப் போகிறது என்று எழுதுகிறவருக்குத் தெரியவந்தால் அக்கா தொழிலாளி. தெரியவராமல் புல் மட்டும் தெரிந்தால் இல்லத்தரசி.

இந்த விகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் வேலையின்மை விகிதத்தைப் படிக்கவே கூடாது. தேடுவதை நிறுத்திவிட்டவர் வேலையில்லாதவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார். வேலையின்மை குறைந்தது என்ற செய்தியைப் பார்த்ததும் முதலில் பங்கேற்பு என்ன ஆனது என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். நான் கேட்பது சின்ன விஷயம். தலைப்பில் விகிதத்தைப் போடும்போது, அதில் எத்தனை பேர் சம்பளமில்லாத 21 என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். 2023-24இல் வேலையில் இருக்கும் பெண்களில் 36.7 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கும் மேல். அதைத் தனி அட்டவணையில் பின்னால் தள்ளிவிட்டு முன்னேற்றம் பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

வகுக்கும் எண்ணில் யார் இருக்கிறார்கள்

விகிதம் என்பது ஒரு வகுத்தல். அதில் மேலே இருப்பவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். கீழே இருப்பவர்களும் முக்கியம். உழைக்கும் வயது என்று மக்கள்தொகைப் பேச்சில் 15 முதல் 59 வரை, அல்லது 64 வரை சொல்வார்கள். இளைய இந்தியா, மக்கள்தொகை ஈவு என்பதெல்லாம் அந்த வயதுக்காரர்களை எண்ணித்தான். நான் மேலே சொன்ன விகிதமோ 15க்கு மேற்பட்ட எல்லோரையும் வைத்துப் போடுவது. மேலே எல்லை கிடையாது. எண்பது வயது ஆச்சியும் அந்த வகுக்கும் எண்ணில் இருக்கிறார். பிள்ளைப்பேறு குறைந்து முதியோர் பெருகும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை. ஒருவர்கூட வேலையை விடாமலேயே, எல்லோருக்கும் வயதாவதாலேயே இந்த விகிதம் இறங்கக்கூடும். அப்போதும் யாராவது அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதுவார்கள்.

அந்தத் திண்ணைக்கு இந்த அளவுகோல்களை வைத்துப் பாருங்கள். உழைக்கும் வயதைத் தாண்டிய எழுபத்திரண்டு வயதுக்காரர் மண்வெட்டியோடு போய் 42 ஆகிறார். அவர் அந்த வயதிலும் போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர் முகத்தில் இருந்த மிடுக்கை நான் மறக்கவில்லை. அட்டையில் அவர் பேர், கணக்கில் அவர் பேர். உழைக்கும் வயதின் நடு மத்தியில் இருக்கும் மருமகள், நாலரைக்கு எழுந்தவர், 92.

பாஸ் புத்தகம்

92ஐ அடித்த இடத்தில் என்ன எழுதினேன் என்று இன்னும் சொல்லவில்லை. 11 என்றுதான் எழுதினேன். மாட்டை வாங்கலாமா என்று முடிவு செய்தவர் அவர். சங்கக் கடனுக்கு அலைந்தவர் அவர். எந்த மாடு எப்போது ஈனும் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்காரர் கொத்து வேலைக்குப் போகிறவர், மாட்டின் பக்கம் கைவைப்பதில்லை. அப்படியிருக்க அவர் யாருக்கு ஒத்தாசை செய்கிறார்? அது அவர் தொழில்.

மாலையில் படிவங்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அந்த இடத்தில் நிறுத்தினார். “சொசைட்டி பாஸ் புக் யார் பேர்ல இருக்கு?” என்றார். வீட்டுக்காரர் பேரில் இருந்தது. நான் பார்த்திருந்தேன், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டியிருந்தார்கள். “அப்ப தொழில் அவருது. இந்தம்மா ஹெல்ப்பர். 21 போடுங்க” என்றார். வாதாடினேன். யார் நடத்துகிறார்களோ அவர்களுடையதுதான் தொழில், புத்தகத்தில் இருக்கும் பேர் ஆதாரமாகாது என்றேன். எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 21 ஆனது. நான் மேலே போட்ட கணக்கில் சொந்தத் தொழில் 12 பேருக்கும் ஒத்தாசை 15 பேருக்கும் நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான். நான் பார்த்த சொசைட்டி வரிசைகளில் வாளி பிடித்து நின்றவர்கள் பெண்கள், புத்தகத்தில் இருந்த பேர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உரிமை உண்டு என்று. அவர் உழைப்பு இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் சொத்தாக ஆகியிருக்காது என்பது அதன் சாரம். செய்தியைப் படித்த அன்றும் எனக்கு அந்தச் சாமி படம்தான் ஞாபகம் வந்தது.

அன்று அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது, அக்கா என் கையிலிருந்த படிவத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துத் திருத்திய இடத்தைக் காட்டி, இதில் இப்போது என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டார். “நீங்க சொந்தமாத் தொழில் பண்றதா எழுதியிருக்கேன்க்கா” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

“இதுல எழுதிட்டா சொசைட்டி பொஸ்தகத்துல எம் பேரு வந்துருமா?”

“வராதுக்கா. இது வேற, அது வேற.”

“அப்ப நீ எப்படி வேணா எழுதிக்க பாப்பா” என்றார். குரலில் கோபமில்லை. வெயில் ஏறிவிட்டது, புல்லுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு, கதவிடுக்கில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.